விக்கிரவாண்டிக்கு அடுத்தது முண்டியம்பாக்கம்

(திண்டிவனத்தில் ஒரு மாலை வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையில் போனை மடியில் மறைத்து வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, போனை வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அது பாடப் புத்தகம்.

தலைப்பைச் சொன்னபோது கூட்டம் நடத்துபவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வீடியோ கேமா சார்? போன மாசம் வில்லிபாரதம் பேசினோம்" என்றார். "அதையும் பேசிவிடலாம்" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன், காப்பாற்ற வேண்டும்.

நான் தினமும் இங்கிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருகிறவன். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். நடுவில் எங்கேயாவது விழிப்பு வரும். எவ்வளவு நேரம் தூங்கினேன், எங்கே இருக்கிறேன், ஒன்றும் தெரியாது. ஆனால் ஜன்னலில் ஒரே ஒரு பெயர்ப்பலகை தெரிந்தால் போதும். விக்கிரவாண்டி என்று இருந்தால் அடுத்தது முண்டியம்பாக்கம், அதற்கடுத்தது விழுப்புரம். பலகைகூட வேண்டாம், சர்க்கரை ஆலை வாசனை வந்தால் பையைத் தோளில் மாட்டிக்கொள்வேன். இதை யாரும் ஜோசியம் என்று சொல்ல மாட்டார்கள். தண்டவாளம் ஏற்கெனவே போட்டிருக்கிறது, ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. எனக்குத் தெரிய வேண்டியது நான் இப்போது எங்கே என்பது மட்டும்தான். இன்றைய பேச்சு மொத்தமும் இவ்வளவுதான். மீதியெல்லாம் விளக்கம்.

அந்த ரயிலில்தான் ஒரு மாணவரைப் பார்த்தேன். ஒரு காதில் மட்டும் இயர்போன். போனில் பழைய போக்கிமான் எமரால்ட். கேம்பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவிக்காக 2004இல் ஜப்பானில் வந்தது, இப்போது எமுலேட்டரில் ஓடுகிறது. திரையைப் பார்க்காமல் கட்டைவிரலைத் தூக்கியபடி காத்திருந்தார். காதுக்குள் 'டிக், டிக்' என்று ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. சட்டென்று அழுத்தினார். "வந்துடுச்சு சார்" என்றார். வந்தது, வழக்கமான நிறத்தில் இல்லாத ஒரு விலங்கு. அந்தக் கேமில் அப்படி ஒன்று எதிர்ப்பட 8192இல் ஒரு வாய்ப்பு. "அதிர்ஷ்டசாலிதான்" என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அதிர்ஷ்டம் இல்ல சார், கணக்கு."

கணக்கு வாத்தியாரிடம் இப்படிச் சொன்னால் விடுவாரா? அன்றைக்கு ஆரம்பித்துப் பல ராத்திரிகள் இதிலேயே போயின.

ரோல் பிளேயிங் கேம் என்பது பகடையின் பிள்ளை. 1974இல் அமெரிக்காவில் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் உட்கார்ந்து ஆடுவது. வாளை வீசினால் படுமா, படாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பிறகு அதே ஆட்டம் கம்ப்யூட்டருக்குள் போனது. 1986இல் ஜப்பானில் டிராகன் குவெஸ்ட், மறு வருஷம் ஃபைனல் ஃபேன்டஸி. பூதம் எப்போது வரும், அடி எவ்வளவு விழும், பெட்டிக்குள் என்ன இருக்கும், எல்லாவற்றுக்கும் பகடை வேண்டும். ஆனால் கம்ப்யூட்டரிடம் பகடை கிடையாது. சொன்னதைச் செய்யும் பிறவி அது. 'ஏதாவது ஒரு எண் சொல்லு' என்றால் விழிக்கும்.

அதற்கு 1949இல் டி. எச். லெமர் என்ற கணித அறிஞர் ஒரு குறுக்கு வழி சொன்னார். ஓர் எண்ணை எடுத்து 23ஆல் பெருக்கு, ஒரு பெரிய எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள். அந்த மீதியைத் திரும்பப் பெருக்கு. மீதிகள் தாறுமாறாக வருவது போலத் தெரியும். பின்னால் வந்தவர்கள் பெருக்கலோடு ஒரு கூட்டலையும் சேர்த்தார்கள். இப்படிச் செய்து பார்ப்போம், பலகையில் எழுதுகிறேன். 21ஆல் பெருக்கு, 7ஐக் கூட்டு, கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள். பூஜ்யத்தில் ஆரம்பிப்போம்.

07, 54, 41, 68, 35, 42, 89, 76, 03, 70, 77, 24...

போய்க்கொண்டே இருக்கும். 00 முதல் 99 வரை நூறு எண்ணும் ஒவ்வொரு முறை வந்து, மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பும். (நடுவில் 82 வரும். அதை 21ஆல் பெருக்கி 7 கூட்டினால் 1729, ராமானுஜனின் எண்! நான் திட்டமிட்டு வைக்கவில்லை, அதுவாக வந்தது. இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. ராமசாமி அய்யரிடம் வேலை கேட்க 1910இல் ராமானுஜன் விழுப்புரம் வழியாகத்தான் திருக்கோவிலூர் போனார் என்பதால், நம் ரயில் பாதையில் இந்த எண் வந்ததில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். விடுங்கள்.)

கூர்ந்து பார்க்கிற கண்ணுக்கு ஒன்று தெரியும். ஒன்றாம் இலக்கம் 7, 4, 1, 8, 5, 2, 9... ஒவ்வொரு முறையும் ஏழு கூடுகிறது. ஏழாம் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளையே பிடித்துவிடும். அதனால் கேம் எழுதுகிறவர்கள் இந்தக் கடைசிப் பகுதியை நம்ப மாட்டார்கள், முன் பகுதியைத்தான் பகடையாக வைப்பார்கள். நாமும் பத்தாம் இலக்கத்தை மட்டும் பார்ப்போம்: 0, 5, 4, 6, 3, 4, 8, 7, 0, 7, 7. இப்போது தாறுமாறுதான். '8 வந்தால் புதையல்' என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் அறியாதவர் கண்ட நேரத்தில் பெட்டியைத் திறந்துவிட்டு விதியை நொந்துகொள்வார். பூஜ்யத்தில் ஆரம்பித்தது என்று அறிந்தவர் ஆறு தட்டு விட்டுவிட்டு ஏழாவதில் திறப்பார்.

எமரால்டில் நடப்பது இதேதான், எண் மட்டும் பெரியது. 1103515245ஆல் பெருக்கு, 24691ஐக் கூட்டு, 32 பிட்டுக்குள் அடங்குவதை வைத்துக்கொள். திரை நொடிக்கு ஏறக்குறைய 60 முறை புதிதாக வரையப்படுகிறது. ஒவ்வொரு முறையையும் ஃபிரேம் என்பார்கள். ஒரு ஃபிரேமுக்கு ஓர் எண் நகர்கிறது. மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். கருவியை அணைக்காமல் வைத்திருந்தால் வரிசை ஒரு சுற்று முடிய இரண்டே கால் வருஷத்துக்கு மேல் ஆகும். தொடங்கும் எண்ணை 'சீட்' என்பார்கள், விதை. வழக்கமாக அந்த விதை ஒவ்வொரு முறையும் மாற வேண்டும், கடிகாரத்தைப் பார்த்தாவது மாற்றுவார்கள். எமரால்டில் அந்த வேலை விட்டுப்போய்விட்டது. எப்போது போட்டாலும் விதை பூஜ்யம். ஆகவே டோக்கியோவில் ஒருவர் திறந்தாலும் மயிலத்தைத் தாண்டும்போது நம் மாணவர் திறந்தாலும் ஒரே வரிசை, முதல் எண்ணிலிருந்து. அத்தனை பேரின் அதிர்ஷ்டமும் ஒரே தாளில் அச்சடித்துக் கிடக்கிறது.

ஸ்பீட்ரன் ஓடுகிறவர்களுக்கு இது ஏன் உயிர்? ஒரு கேமை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்ற பந்தயம்தான் ஸ்பீட்ரன். மாரியோ போன்ற ஆட்டத்தில் விரல் திறமை போதும். ரோல் பிளேயிங் கேமில் நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும், வழியில் நாலு பூதம் கூடுதலாக மறித்தால் நேரம் போச்சு. போக்கிமானின் முதல் கேமைச் சாதாரணமாக ஆடினால் பல நாள் ஓடும், ஓட்டக்காரர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள். ஆரம்பத்திலேயே நிடோரான் என்ற சின்னப் பிராணியைப் பிடித்து, அதை வளர்த்து, அந்த ஒன்றை வைத்தே கடைசி வரை அடித்துக்கொண்டு போவார்கள். அந்த நிடோரான் பலவீனமாக அமைந்தால் ஓட்டமே வீண். முன்பெல்லாம் நல்லது வரும்வரை நூறு முறை திரும்பத் தொடங்குவார்கள். இப்போது முகப்புத் திரையிலிருந்தே எந்தப் பொத்தான், எந்த ஃபிரேமில், எத்தனை அடி என்று ஒத்திகை பார்த்த நடனம் போல நடந்துபோய்ப் புல்லில் கால் வைக்கிறார்கள். வேண்டியது வேண்டிய பலத்தோடு வந்து நிற்கிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மேனிப்'.

வரிசையில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால் சுலபம், தெரியாவிட்டால்? என் ரயில் தூக்கம்தான் அது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

ஃபைனல் ஃபேன்டஸி 12 என்ற கேம் 2006இல் வந்தது. அதற்குள் இருப்பது மட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற இரண்டு ஜப்பானியர்கள் 1997இல் உருவாக்கிய மெர்சென் ட்விஸ்டர் என்ற எண் வரிசை. அந்த வரிசை திரும்ப வருவதற்கான நீளத்தைச் சொன்னால் ஆறாயிரம் இலக்கத்துக்கு மேல் போகும். கணக்குப் போட்டு முடிக்கிற வேலை இல்லை என்று எவரும் நினைப்பார்கள். ஓட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தங்கள் ஆள்மேல் தாங்களே 'க்யூர்' என்ற வைத்திய மந்திரத்தைப் போடுகிறார்கள். காயமே இருக்காது. ஆனாலும் திரையில் எத்தனை புள்ளி ஏறியது என்று ஓர் எண் காட்டும். அதைக் குறிக்கிறார்கள். இன்னொரு முறை, இன்னோர் எண். சில எண்களை ஒரு நிரலில் கொடுத்தால் 'நீ வரிசையில் இந்த இடத்தில் நிற்கிறாய்' என்று அது சொல்லிவிடும். ஒவ்வொரு க்யூரும் வரிசையை முன்னே தள்ளுவதால், மறுபடி க்யூர் போட்டே வேண்டிய இடத்துக்கு நகர்ந்துபோய், கிடைக்கவே கிடைக்காது என்ற ஆயுதப் பெட்டியைத் திறக்கிறார்கள். மருந்து குடிப்பது நோய்க்கு இல்லை, ஊர் பெயர் படிக்க.

நம் பலகையில் செய்து பாருங்கள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. ஒரு 3 தெரிகிறது. பத்து இடங்களில் 3 உண்டு. அடுத்து 4 தெரிகிறது. மூன்றுக்குப் பின் நான்கு வருவது இந்த நூறு எண்ணில் ஒரே ஓர் இடத்தில்தான், 35க்குப் பின் 42. இரண்டு பலகை படித்தோம், ஊர் தெரிந்துவிட்டது. அடுத்தது என்ன? ஆம், முன் வரிசையில் அம்மா சொன்னது சரி, எட்டு.

இனி கூட்டம் நடத்துபவருக்குக் கொடுத்த வாக்கு. நம் பக்கத்தில் பகடை என்றால் என்ன நினைவு வரும்? திரௌபதியம்மன் கோயில் திருவிழா. மூலக்கோயில் செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரி என்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் பிறந்த சனியூரும் நம் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்ததுதான். சூதாட்டக் கூத்தான 'பகடைத் துயில்' அன்று கூத்துக் களத்தில் சிறுவனாக நான் தூங்காமல் இருந்த காரணம் சகுனி. தகப்பன் எலும்பில் செய்த பகடை என்று ஊர்ச் சொல். சொன்ன எண் விழும். மனசுக்குள் அவனை வில்லன் என்று திட்டிக்கொண்டே, அடுத்து என்ன எண் சொல்லுவான் என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த மாணவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். 'இது சகுனி வேலை அல்லவா?' பிறகுதான் பாரதத்திலேயே இன்னொரு சூதாட்டக்காரன் இருப்பது ஞாபகம் வந்தது. நளன். செங்கல்பட்டுக்குப் பக்கத்துப் பொன்விளைந்த களத்தூர்ப் புலவர் புகழேந்தி வெண்பாவில் பாடிய அதே நளன்.

நாட்டைச் சூதில் இழந்து, உருவம் மாறி, இருதுபன்னன் என்ற அரசனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். தேர் பறக்கிறது. வழியில் ஒரு தான்றி மரம். தான்றிக்காய் தெரியும் அல்லவா, கடுக்காய், நெல்லிக்காயோடு திரிபலாவில் சேர்வது. வேத காலத்தில் அந்தக் காயைத்தான் பகடையாக உருட்டினார்கள். அரசன் தேரிலிருந்தபடியே மரத்தைப் பார்த்து, இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலை, 2095 காய் என்று வட மொழி பாரதத்தில் சொல்கிறான். நளன் என்ன செய்தான்? 'ஆகா' என்று கும்பிடவில்லை. தேரை நிறுத்தினான். 'நேரமாகிறது' என்று அரசன் பதறியும் விடவில்லை. மரத்தை வெட்டி எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தது. பிறகுதான் அந்த வித்தையைக் கேட்டான், தன் குதிரை வித்தையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டான். அட்சஹிருதயம், பகடையின் இருதயம் என்று அதற்குப் பெயர். அது உள்ளே நுழைந்ததும், அவனைப் பிடித்திருந்த கலி அவன் உடம்பைவிட்டு வெளியேறித் தான்றி மரத்துக்குள் போய் ஒளிந்தான். இயன் ஹேக்கிங் என்ற தத்துவ அறிஞர் நிகழ்தகவின் பிறப்பைப் பற்றி 1975இல் எழுதிய நூலில் இந்த இடத்தை வியந்து எடுத்துக்காட்டுகிறார். மரத்தை எண்ணுவதற்கும் பகடை உருட்டுவதற்கும் உறவு உண்டு என்று அவ்வளவு காலத்துக்கு முன்பே யாரோ கண்டிருக்கிறார்களே என்று. புளியமரக் காடு என்ற பொருளில் பெயர் வாங்கிய இந்தத் திண்டிவனத்தில் அந்தக் கதையைச் சொல்வது எனக்குக் கூடுதல் ருசி.

சகுனி பகடையை மாற்றினான். நளன் பகடையைத் தொடவில்லை, தன்னை மாற்றிக்கொண்டான். ஸ்பீட்ரன் உலகமும் கோட்டை இங்கேதான் போடுகிறது. எமரால்டின் நிரலைத் தன்னார்வலர்கள் கேமிலிருந்து பிரித்தெடுத்து வரி வரியாகப் படிக்கும்படி ஆக்கியிருக்கிறார்கள். மரத்தை வெட்டி எண்ணியவர்கள் அவர்கள். அதைப் படித்துவிட்டு மாற்றாத கேமில் ஆடினால் யாரும் தடுப்பதில்லை. கேமை மாற்றினால் வெளியே.

மாற்றினால் மாட்டுவார்களா? 2020 அக்டோபரில் 'ட்ரீம்' என்ற பெயரில் ஆடும் புகழ்பெற்ற யூடியூபர் மைன்கிராஃப்டில் நேரலையாக ஓடினார். அது ரோல் பிளேயிங் கேம் இல்லை, ஆனாலும் அதில் 'முத்து' என்ற பொருள் கிடைக்க அதிர்ஷ்டம் வேண்டும். தங்கம் கொடுத்துப் பண்டமாற்று செய்தால் முத்து வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. 262 பண்டமாற்றில் பன்னிரண்டு வந்திருந்தால் நியாயம், அவருக்கு 42. பாதிக்குப் பாதி கிடைக்க வேண்டிய இன்னொரு பொருள் 305இல் 211. சாதனைகளைச் சரிபார்ப்பவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இது இயல்பாக நடக்க 7.5 லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு என்று டிசம்பரில் அறிக்கை விட்டு, சாதனையை நீக்கினார்கள். அவர் மறுத்தார். 2021 மே மாதம், வாய்ப்பைக் கூட்டும் ஒரு மாற்றம் தன் கேமில் இருந்ததை ஒப்புக்கொண்டார், தெரியாமல் நடந்தது என்றார். எனக்கு அந்த விவாதத்தில் பிடித்தது வேறு. அதிர்ஷ்டம் என்பதற்கே ஒரு முகம் உண்டு, பொய்யான அதிர்ஷ்டம் முகத்திலேயே தெரிந்துவிடும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் கூட நிகழ்தகவுச் சூத்திரம் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டு பேசினார்கள். என் வகுப்பில் அது நடந்ததே இல்லை.

காசு நடுவில் வந்தால் இதே வித்தைக்கு வேறு நிறம். 1984இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மைக்கேல் லார்சன் என்பவர், பரிசுப் பலகையில் விளக்கு ஓடும் முறை ஐந்தே வகைதான் என்று வீட்டில் வீடியோ பதிவைப் போட்டுப் போட்டுப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு போய் 1,10,237 டாலர் மதிப்புக்குப் பரிசு அள்ளினார். விதியில் தடை எதுவும் இல்லாததால் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. 1999இல் ஆன்லைன் போக்கர் சீட்டுக் கலைக்கும் நிரல் ஒன்றைச் சில ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி நொடி என்பதுதான் அதற்கு விதை. ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லி நொடிகள், அவ்வளவுதான் சாத்தியம். கடிகாரத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, ஐந்து சீட்டு தெரிந்ததும் எதிராளி கைச்சீட்டைச் சொல்லிவிட்டார்கள். லாட்டரியை 2003இல் ஒழித்த மாநிலம் நம்முடையது, ஆன்லைன் ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்று கோர்ட் வரை போனோம். அங்கே போய் இந்த வித்தையைக் காட்டலாம் என்று பின் வரிசையில் யாராவது யோசித்தால், அங்கே விதை உங்கள் கையில் இல்லை, கம்பெனி கையில். இலையை எண்ண முடியாத மரம் அது. அதன் கீழே உட்காராதீர்கள்.

கடைசியாக ஒன்று. எண்ணும் தெரியும், இடமும் தெரியும், பிறகு என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கை இருக்கிறதே! ஒரு ஃபிரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்து அழுத்தினால் காரியம் கெட்டது, கண்ணிலிருந்து மூளை வழியாக விரலுக்குச் செய்தி போவதற்குள் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம் ஓடிவிடும். அதனால்தான் காதில் அந்த 'டிக், டிக்'. தாளத்தைக் கேட்டு, அடி விழும் இடத்தை முன்கூட்டியே உணர்ந்து விரல் இறங்க வேண்டும். மிருதங்கக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். கூத்தில் அடவு முடிகிற இடத்தில் தாளம் விழுவதும் அதேதான். ஆனாலும் தப்பும். தப்பினால் வேறொரு பிராணி வரும். அதையும் பிடிப்பார்கள். அதன் குணத்தையும் பலத்தையும் வரிசையோடு ஒப்பிட்டால் எந்த ஃபிரேமில் விரல் விழுந்தது என்று தெரிந்துவிடும். மூன்று முன்னாலா, இரண்டு பின்னாலா என்று பார்த்து டைமரைத் திருத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து.

அந்த மாணவரை மறுவாரம் பார்த்தேன். மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பக்கம் முழுக்கப் பேனாவில் எண்கள், பக்கத்தில் +4, –2, +1, –7, +3. எத்தனை முறை என்று கேட்டேன். "இது எழுபத்தொண்ணாவது சார்." விக்கிரவாண்டி தாண்டிவிட்டது. இயர்போனை மாட்டினார், கட்டைவிரலைத் தூக்கினார், கண்ணை மூடினார். ஆலை வாசனை வந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு, சத்தம் செய்யாமல் கதவுப் பக்கம் போய் நின்றேன்.